பழத்தின் பெயரைச் சொல்லாத தேயிலை

அந்தக் காலத்தில் தேயிலைக்கு வாய் இருந்தது, வாசம் இல்லை. கறுப்புத் தேயிலை என்று ஒன்றும் கிடையாது. பறித்தாலும் பச்சை, உலர்ந்தாலும் பச்சை, வெந்நீரில் போட்டாலும் பச்சைதான். குடித்தால் கசப்பு.

அப்போது மலையில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் முதல் வாய் உண்டதும், "இது யார் கொடுத்தது?" என்று உணவையே கேட்பார்கள். தேன் தான் பிறந்த பூக்களையெல்லாம் சொல்லும். சாமைச் சோறு மழையைச் சொல்லும், களை பறித்தவளைச் சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போவதும் உண்டு. ஆனாலும் ஒரு பெயரையும் விடக்கூடாது.

மாசி என்கிறவளின் வீட்டருகே ஒரு தேயிலைச் செடி நின்றது. அதில் முதலில் துளிர்த்த கிளைக்கு மூத்தவள் என்றும் அடுத்த கிளைக்கு இளையவள் என்றும் பெயர். மாசி விருந்தாளிகளுக்கு அந்த இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். எல்லோரும் முகம் சுளித்துக் குவளையைக் கீழே வைத்தார்கள். அவளுடைய மதினி, கணவனின் அக்கா, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டினாள். அதனால் அன்று கொழுந்து பறிக்கும்போது மாசி செடியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கும் மதினி குடிக்காம வச்சுட்டா, உன்னைப் பிடுங்கிட்டுச் சாமை விதைச்சிடுவேன்."

பறித்த கொழுந்துகளுக்கும் கிளைகளின் பெயர்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இளையவளுக்குக் குளிர் ஆகாது. அடுப்போரம் சூடான ஓட்டில் போய்ப் படுத்துச் சீக்கிரமே காய்ந்துபோனாள். மூத்தவள் கூடையிலேயே கிடந்தாள். கூடையின் அடியில் கொஞ்சம் தவிட்டுப்பழம் இருந்தது. சரிவுகளில் புதராகக் காய்க்கிற ஊதாநிறச் சின்னப் பழம் அது. ஆடு மேய்க்கிறவர்கள் போகிற போக்கில் வாயில் போட்டுக்கொள்வார்கள். மற்றபடி யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

மூத்தவள் தன் பயத்தையெல்லாம் பழத்திடம் கொட்டினாள். வேரைப் பிடுங்கினால் தங்கையும் போய்விடுவாள் என்றாள். பழம் அதிகம் பேசுகிற ஜாதி இல்லை.

"குளிருதா? கிட்ட வந்து படு," என்றது.

ஒட்டிப் படுத்தபோதுதான் தன் உடம்பின் குணம் அவளுக்கே தெரிந்தது. பக்கத்தில் இருப்பதன் வாசத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பழத்தின் இனிய வாசம் மெல்ல அவள் நரம்புகளில் ஏறியது. அவள் விலகியிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழம் அசையாமல் கிடந்தது. தூங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் நெருங்கிப் படுத்தாள்.

விருந்தாளிகள் வந்ததும் மாசி மூத்தவளில் ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டாள். மிச்சம் கூடையில் இருந்தது. மதினி குவளையைச் சந்தேகத்தோடு வாங்கினாள்.

"இதுவும் வேப்பிலைத் தண்ணிதானா? எனக்கு வயித்துல பூச்சி எதுவும் இல்லையே, மாசி."

எல்லோரும் சிரித்தார்கள். மதினி ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள். பிறகு கூடையின் பக்கம் குனிந்து, வழக்கப்படி கேட்டாள்.

"இந்த வாசம் யார் கொடுத்தது, தாயி?"

பழம் என்று சொன்னால், பழத்தையே கொதிக்க வைத்துக் குடிக்கலாமே, இந்தச் செடி எதற்கு என்று கேட்டுவிடுவார்கள் என மூத்தவளுக்குத் தோன்றியது.

"என்னோடதுதான்," என்றாள்.

"வேற யாரும் இல்லையா?" இரண்டாம் முறையும் கேட்பதுதான் முறை.

"வேற யாரும் இல்ல."

பழம் விழித்துத்தான் இருந்தது. ஓர் இலைக்குக் கீழே கிடந்து எல்லாவற்றையும் கேட்டது. விருந்தாளிகள் போனபின் மாசி கூடையைத் துழாவினாள். வாடி, வாசமற்றுப் போயிருந்த பழங்களை முகர்ந்து பார்த்துவிட்டு, எதற்கும் ஆகாது என்று கொல்லைக் குப்பையில் வீசினாள்.

செடி பிழைத்தது. அதன் வாசத்தை மாசி போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்கக் கேட்க மூத்தவளுக்கு ஓடி ஒளிய வேண்டும் போலிருந்தது. இளையவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடுப்போரம் கிடந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த அவளோ தயங்கித் தயங்கி, "அந்த நேரத்துல அது பேரு உனக்கு ஞாபகம் வரலையாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மூத்தவள் முகத்தை மறைக்கத் தன்னையே முறுக்கிக்கொண்டாள். முறுக்க முறுக்கச் சாறு கசிந்தது. காற்றுப் பட்டுப் பச்சை செம்பு நிறமானது; செம்பு கறுத்தது. தீய்ந்துவிட்டதோ என்று மாசி பதறி எடுத்துப் பார்த்தபோது, மூத்தவள் அவள் கைக்குள்ளிருந்தே நடந்ததைச் சொன்னாள்.

"பிடுங்கிடுவேன்னு நான்தானே மிரட்டினேன்," என்று மாசி முணுமுணுத்தாள். பிறகு அக்கா தங்கை இருவரையும் எடுத்துக்கொண்டு குப்பைக்குப் போனாள். அங்கே பழம் வெயிலில் காய்ந்து, சுருங்கிக் கிடந்தது.

"நான் தூங்கல," என்றது பழம். "நீ எடுத்தது தெரியும். கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்காம எடுத்தப்பவும் சும்மாதான் இருந்தேன். ரெண்டாவது தடவை கேட்டாங்களே, அப்பவாவது என் பேரு வரும்னு பார்த்தேன்."

மூத்தவள், மறுபடி விருந்துப் பானைக்குக் கூட வருவாயா என்று மட்டும் கேட்டாள்.

"என்கிட்ட இனி என்ன இருக்கு?"

"என்கிட்ட இருக்கிறது உன்னோடதுதான். எல்லார் முன்னாலயும் திருப்பித் தரேன்."

இளையவளும் கிளம்பினாள். கறுத்த முகத்தோடு அக்கா தனியாகப் போக வேண்டாம் என்றாள்.

மதினி மறுபடி வந்தபோது மாசி மூவரையும் சேர்த்துப் பானையில் போட்டாள். யார் கொடுத்தது என்று கேட்டதும், இரண்டாம் கேள்விக்குக் காத்திருக்காமல் மூத்தவள் சொன்னாள்: "தவிட்டுப்பழம் குடுத்தது. போன தடவை நீங்க குடிச்சதும் அதோட வாசம்தான். நான் மறைச்சேன்."

மதினி குவளைக்குள் குனிந்து பார்த்தாள்.

"அதான் வெக்கத்துல தண்ணி இப்படிச் செவந்துபோச்சா," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள்.

மூத்தவளின் கறுப்பு அதற்குப் பிறகும் போகவில்லை. பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் வாசத்தை வாங்கிக்கொள்ளும் குணமும் போகவில்லை. இப்போது உணவை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதுவும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் அன்று முதல்தான் பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் உலர்ந்த பழமும் ஒரே டப்பாவில் சேர்ந்து கிடக்கின்றன. கொதிநீரை ஊற்றினால் முதலில் எழும்புவது பழத்தின் வாசம்தான். அது மேலே வந்து சேரும்வரை தேயிலை அடியில் காத்துக் கிடக்கும்; அதன் பிறகே மெல்லச் சிவக்கும்.