அரைக்கால்பாளையத்துத் தேசிய அணி

அரைக்கால்பாளையத்துக்காரர்களைப் பொய்யர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் சொன்னபடி செய்வார்கள். ஊருக்கு இருக்கிற ஒரே வியாதி அதுதான்.

அந்த வியாதியால்தான் அங்கே ஒரு நாடகமும் கடைசிவரை நடந்ததில்லை. ஒரு வருஷம் ராஜா வேஷக்காரர், "இவனைக் கொண்டுபோய்ச் சிறையில் அடையுங்கள்" என்றார். காவலர் வேஷம் போட்ட ரெண்டு பேரும் கதாநாயகனை ஆறு மைல் நடத்திக் கூட்டிப்போய் டவுன் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வருஷம் இளவரசன் வனவாசம் போனான். போனவனை நாலாம் நாள், தேன் எடுக்கப் போனவர்கள் பார்த்துக் கூட்டிவந்தார்கள்.

இந்த வருஷம் ஊர் நோன்பித் திருவிழாவுக்கு நாடகம் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் டெய்லர் பொன்னுரங்கம். மனுஷன் தையலில் கெட்டிக்காரர்தான், ஆனால் எதையும் முழுசாக முடித்த சரித்திரம் கிடையாது. மச்சினன் கல்யாணத்துக்கு ஒரு கை மட்டும் தைத்த சட்டையைக் கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளை முகூர்த்தம் முடிகிறவரை ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே பொன்னுரங்கத்தின் மனைவி சௌந்தரம் தாய் வீட்டில் தங்கிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணை முழுசா முடிச்சுக் காட்டுங்க மாமா. அன்னைக்கே பொட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன்" என்றாள்.

பதினெட்டு நாளாகப் பொன்னுரங்கம் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார். சமையலையும் பாதியில்தான் விட்டார். சௌந்தரம் இல்லாத வீட்டுக்குள் போகவே அவருக்குப் பிடிக்கவில்லை.

டவுன் தமிழய்யா ஒருவர் நாடகம் எழுதிக் கொடுத்தார். ராஜா இல்லை, சிறை இல்லை, காடு இல்லை. தேசியக் கால்பந்து அணியும் அதன் மேனேஜரும்தான் கதை. முதல் பாதியில் அணி திணறும். இடைவேளையில் மேனேஜர் வீரமாகப் பேசுவார். ரெண்டாம் பாதியில் ஒரு கோல் விழும், நாடகம் முடியும். "எழுதினதை எழுதினபடி செய்யுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்று திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினார் தமிழய்யா. யாரிடம் சொல்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

பொன்னுரங்கம் மேனேஜர். எண்ணெய்ச் செக்கு வெள்ளியங்கிரி கேப்டன், நாடகம் எழுதின நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டவரும் அவரே. அணிக்குப் பதினோரு பேர் உடனே சேர்ந்துவிட்டார்கள். தோற்கிற அணியில் சேரத்தான் ஆள் இல்லை. கோல் போஸ்ட் சும்மா இருக்கக் கூடாதே என்று ஆறுக்குட்டியைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினார்கள். எதிரணி மொத்தமும் அவர் ஒருத்தர்தான்.

நாடகத்தன்று காலையில் புதுப் பந்து டவுனிலிருந்து வந்தது. எந்தப் புதுச் சாமான் ஊருக்குள் வந்தாலும் பூஜை போடாமல் தொடமாட்டார்கள். பந்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, துளசி மாலை சாத்தி, சூடம் காட்டினார்கள். வெள்ளியங்கிரி விழுந்து கும்பிட்டார்.

மூணு மணிக்கு நாடகம் ஆரம்பம். முன்வரிசையில் சௌந்தரம், மடியில் பெட்டி. நாடகம் முடிந்தால் வீட்டுக்கு, முடியாவிட்டால் ஆறு மணி பஸ்ஸில் திரும்பத் தாய் வீட்டுக்கு. பொன்னுரங்கம் மேடையிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

முதல் பாதி எழுதினபடியே திணறியது. ஒருத்தர் பந்தைக் காலால் தொடுவார். சாமான்மேல் கால் பட்டுவிட்டதே என்று குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு அடுத்தவர். அரை மணி நேரத்தில் பந்து ரெண்டு முழம் நகர்ந்திருந்தது. 'மேனேஜர் கவலையோடு அங்குமிங்கும் நடக்கிறார்' என்று நோட்டில் இருந்ததால் பொன்னுரங்கம் நடந்துகொண்டே இருந்தார். நிற்பதாக எங்கேயும் எழுதவில்லை.

இடைவேளையில் அவர் நடந்தபடியே வசனத்தைச் சொன்னார். "வீரர்களே, இது வெறும் பந்து அல்ல. இதைத் தெய்வமாக நினையுங்கள்."

பதினோரு பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

ரெண்டாம் பாதி தொடங்கியது. பந்து நடுவில் இருந்தது. சுற்றிலும் தேசிய அணி கைகூப்பி நின்றது.

"உதைங்கப்பா" என்றார் பொன்னுரங்கம்.

"தெய்வத்தையா?" என்றார் வெள்ளியங்கிரி. "நீங்கதானே இப்பச் சொன்னீங்க."

"அப்போ தலையால முட்டுங்க."

"சாமியை முட்டறதுக்கு நாம என்ன கெடாவா?"

எல்லோரும் கூடி யோசித்தார்கள். குங்குமத்தைத் துடைத்துவிட்டால் என்ன என்றார் ஒருவர். துடைத்தால் சாமி போய்விடுமா, போனால் எந்தப் பக்கமாகப் போகும் என்று இன்னொருவர் கேட்டார். பந்து தானாக மனசு வைத்துப் போகட்டும் என்று முடிவாகி, எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஐந்தே முக்கால் ஆனது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. சௌந்தரம் பெட்டியைக் கையில் எடுத்தாள். பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்துகொண்டே அழுதார். கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு மேடை ஏறியது. துளசி மாலையைக் கவ்வி ஒரு இழு இழுத்தது. பந்து உருண்டது. முழு மாலையும் தனக்கே வேண்டும் என்று ஆடு பின்னாலேயே போய் இன்னொரு முட்டு முட்டியது. பந்து ஆறுக்குட்டியின் கால் இடுக்கில் புகுந்து கோலுக்குள் போய் நின்றது.

"இது செல்லாது. ஆடு எந்த அணி?" என்றார் ஆறுக்குட்டி.

"அது யாரு ஆடு?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

ஆறுக்குட்டி ஆட்டின் கழுத்துக் கயிற்றைத் திருப்பிப் பார்த்தார். "என்னுதுதானுங்க."

"உங்க ஆடு உங்க அணி. உங்க கோலுக்குள்ளயே போட்டிருக்குது. சேம் சைடு கோல். நாங்க ஜெயிச்சோம்."

இந்த நியாயத்தை ஆறுக்குட்டியால் மறுக்க முடியவில்லை. ஆட்டைக் கோபமாகப் பார்த்ததோடு சரி. வெள்ளியங்கிரி நோட்டை எடுத்துக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "வீரர்கள் மேனேஜரைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறார்கள். முற்றும்."

நாலு பேர் பொன்னுரங்கத்தைத் தூக்கினார்கள். மூணு மணி நேரம் நடந்த காலுக்கு அது அவ்வளவு இதமாக இருந்தது. மேலேயிருந்து திரும்பிப் பார்த்தார். பஸ் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. சௌந்தரம் பெட்டியோடு அவர் பின்னால் வந்துகொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷத்தை அவர் தன் கல்யாணத்தில்கூடப் பட்டதில்லை.

வீட்டு வாசலில் சௌந்தரம் ஆரத்தி சுற்றினாள். "இறங்கி வாங்க மாமா, சாப்பிடலாம்."

தூக்கியவர்கள் நகரவில்லை.

"இறக்கச் சொல்லி எழுதலைங்க அக்கா" என்றார் வெள்ளியங்கிரி.

"அதுக்கு? இப்படியேவா இருப்பாரு?"

"டவுனுக்குப் போயி, 'இறக்கிவிடுகிறார்கள்'னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்துடறோம். ஒரே ஒரு வரிதான்."

சௌந்தரம் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். "இன்னும் ஒரு வரி பாக்கின்னா நாடகம் இன்னும் முடியலைன்னுதானே அர்த்தம்?"

வெள்ளியங்கிரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆமாங்க அக்கா. முடியலை."

சௌந்தரம் மறுபடியும் பெட்டியை எடுத்தாள். பொன்னுரங்கம் மேலேயிருந்து பதறிப்போனார். "ஒரு வரியும் வேண்டாம் அம்மணி. நாடகம் முடிஞ்சுது. முழுசா முடிஞ்சுது. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

சௌந்தரம் அவரை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் ஒன்றை முடித்துவிட்டேன் என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்புறம் கொத்தனார் வந்து, தோள்மேல் இருக்கிறவர் உள்ளே நுழைய வசதியாக வாசல் நிலையை ஒன்பதடிக்கு உயர்த்திக் கட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் இன்றுவரை ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துகிறார்கள். சௌந்தரம் ஏணி வைத்துச் சோறு போடுகிறாள். பொன்னுரங்கம் எடுத்த சட்டையை அன்றன்றைக்கே முடித்துவிடுகிறார், ரெண்டு கையோடு. அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், தையல் மிஷினை எதிரே இன்னொரு நாலு பேர் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். மீதி மூணு பேர் சுவர் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்காவது தோள் வலித்தால் மாற்று ஆட்டக்காரர் இறங்கவேண்டாமா?