சுனைப்பாறை மிருகத்தின் ஐந்து குரல்கள்

“ஓடுங்க! ஓடுங்க! வந்துருச்சு!”

மரத்தின் உச்சியிலிருந்து மந்தி கத்தியதுதான் தாமதம். சுனையில் தண்ணீர் குடிக்கக் குனிந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. கால்கள் எல்லாம் பறந்தன. ஒருவர்கூட ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. மந்தி கத்தினால் முதலில் ஓடு, பிறகு கேள். முதல் பாதியை எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். இரண்டாம் பாதி வரும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கும். அதனால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஓடிய பிறகும், பின்னால் சுனைப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“ஊப்… ஊப்… ஹுர்ர்ர்ர்… சரசரசர… கியாவ்! சிட்-சிட்-சிட்!”

மூங்கில் புதருக்குள் எல்லாரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள்.

“பார்த்தியா மந்தியக்கா? எப்படி இருந்துச்சு?” என்று கேட்டது காட்டுப்பன்றி.

“பார்த்தேன்! காதால பார்த்தேன்! அந்த ‘ஊப் ஊப்’ இருக்கே, அது அதோட சிரிப்பு. சீச்சீ! இப்படி ஒரு அசிங்கமான சிரிப்பை நான் பொறந்ததுலேருந்து கேட்டதில்ல!”

“சிரிப்பை விடுங்க” என்றது முள்ளம்பன்றி. “அந்த ‘ஹுர்ர்ர்’! மலை புரண்டு படுக்கிற மாதிரி இருக்கு. எவ்வளவு பெரிய வயிறா இருக்கணும்!”

“அந்தச் சரசரப்புதான் எல்லாத்தையும் விட மோசம்” என்றது பன்றி. “ஆயிரம் எலும்பைக் குலுக்கிட்டு நடக்குது!”

புள்ளிமான் மெதுவாகச் சொன்னது: “அதோட வயித்துக்குள்ள ஒரு மான் இருக்கு. உயிரோட கத்துது. கேட்டீங்கல்ல? ‘கியாவ்’னு… பாவம், யாரு பெத்த பிள்ளையோ!”

கொடுமையான கோடை அது. காட்டில் மற்ற பள்ளங்கள் எல்லாம் வற்றிவிட்டன. மிச்சம் இருந்தது பாறைக்கு நடுவே அந்தச் சுனை மட்டும்தான். பகலில் பாறை கொதிக்கும். குளம்பை வைக்க முடியாது. இரவில் சிறுத்தை நடமாடும். விடியலிலும் அந்தி சாயும்போதும்தான் போகலாம். சரியாக அந்த இரண்டு நேரமும் பார்த்து அந்த மிருகமும் வந்துவிடுகிறது!

“இதெல்லாம் எனக்குப் பழக்கம்!” என்று முன்னால் வந்து நின்றது வாலாட்டிக் குருவி. பனிமலைப் பக்கமிருந்து வந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, இன்னும் ஊர் திரும்பாத குருவி. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வால் ஒரு முறை ஆடும்.

“எங்க பனிமலையில ஒருத்தன் இருக்கான். உடம்பெல்லாம் சடை. பனியில காலடி தெரியும், ஆள் தெரியாது! மேற்கே ஒரு ஏரியில கழுத்து நீண்டது ஒண்ணு இருக்கு. மூடுபனி இருந்தாத்தான் தலையைக் காட்டும்! கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு. ஆட்டு ரத்தத்தை மட்டும் உறிஞ்சிட்டு ஆட்டை அப்படியே வச்சிட்டுப் போயிரும்! நம்ம ஆளு இந்த மூணுக்கும் மேல. கடைசியில வருதே ‘சிட்-சிட்-சிட்’, அது என்ன தெரியுமா? பல்லைத் தீட்டுற சத்தம்!”

“நீ அதையெல்லாம் பார்த்தியா மாமா?” என்று கேட்டது புள்ளிமானின் குட்டி பொட்டு. தாகத்தில் அதன் நாக்கு வறண்டு கிடந்தது.

“நான் பார்க்கல. எனக்குச் சொன்ன கொக்கும் பார்க்கல. ஆனா கொக்குக்குச் சொன்ன வாத்து இருக்கே, அது பார்த்தவங்களைப் பார்த்திருக்கு!”

எல்லாரும் ‘அப்படியா!’ என்று வாயைப் பிளந்தார்கள். இதைவிடப் பெரிய சாட்சி யாருக்கு வேண்டும்?

“அப்போ சுனை வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கு. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்” என்று கிளம்பியது பன்றி. போகும்போது முழு வாலோடு போனது. வரும்போது அரை வாலோடு வந்தது.

“ஆத்துல தண்ணி இருக்கு” என்றது பன்றி, உட்கார முடியாமல் நின்றுகொண்டே. “தண்ணிக்குள்ள முதலையும் இருக்கு. மீதியை என்கிட்ட கேட்காதீங்க. வால்கிட்ட கேளுங்க!”

அடுத்த நாள் மாலை பொட்டு எழுந்திருக்கவில்லை. தாய்மான் மூக்கால் தள்ளிப் பார்த்தது. குட்டி நின்றது, முன்னங்கால் மடங்கி மறுபடி விழுந்தது.

“அம்மா, ஒரே ஒரு வாய்” என்றது.

மலையேறி ஆற்றுக்குப் போக அந்தக் கால்களால் முடியாது. போனாலும் அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரிந்த முதலை. இங்கே இருப்பது காதுக்கு மட்டும் தெரிந்த மிருகம். மான் யோசித்தது. பிறகு முள்ளம்பன்றியிடம் போனது.

“தம்பி, பொட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோ. நான் சுனைக்குப் போறேன்.”

“ஐயோ, மானக்கா! போகாதீங்க!”

“அது என்னைத் தின்னா பசி அடங்கும்ல? அப்புறம் என் பிள்ளை போய்க் குடிக்கட்டும். நீதான் கூட்டிட்டுப் போகணும். பத்திரமா பார்த்துக்கோ. ஆனா கட்டிப் பிடிச்சுக்காதே!”

முள்ளம்பன்றிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மான் தனியாகப் பாறைமேல் நடந்தது. சுனையின் ஓரத்தில் ஒரு பெரிய மருதமரம். அதன் அடியில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. அந்தி சாய்ந்தது. தண்ணீர் செம்பு நிறத்தில் மின்னியது.

“ஊப்… ஊப்… ஹுர்ர்ர்ர்… சரசரசர… கியாவ்!”

சத்தம் இடிபோல் விழுந்தது. மானின் கால்கள் தாமாகவே ஓடத் திரும்பின. “இருங்க. இன்னைக்கு மட்டும் இருங்க” என்று கால்களைக் கெஞ்சியது மான். கால்கள் நடுங்கின. ஆனால் நின்றன.

“மிருகமே!” என்று கத்தியது மான். “நீ யாரோ எவரோ! என்னைத் தின்னுக்கோ. என் பிள்ளையை மட்டும் தண்ணி குடிக்க விடு!”

சட்டென்று சத்தம் நின்றது.

பிறகு பொந்துக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“மி… மிருகமா? எங்கே? எந்தப் பக்கம் நிக்குது?”

பொந்தின் வாசலில் ஒரு குருவியின் கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. பின்னால் இரண்டு நீளமான வாலிறகுகள் வெடவெடவென்று ஆடின.

“கரிச்சான்! நீயா!”

“சத்தம் போடாதீங்கக்கா! உள்ள வந்துருங்க! இது அது வர்ற நேரம். நான் தினமும் இங்கே கண்ணை மூடிப் பாடிட்டுத் திறந்து பார்ப்பேன். சுனையில ஒரு ஈ காக்கா இருக்காது. அப்போ அது வந்துட்டுப் போயிருக்குன்னுதானே அர்த்தம்? நல்லவேளை, நான் பொந்துக்குள்ள இருந்தேன்!”

மான் கரிச்சானைப் பார்த்தது. பொந்தைப் பார்த்தது.

“இப்போ பாடினியே தம்பி… அதை இன்னொரு தடவை பாடு.”

“ஐயையோ, கேட்டுட்டீங்களா? அது ரகசியம்! முதல் மழை அன்னைக்கு என் அரங்கேற்றம். நம்ம காட்டுல இருக்கிற எல்லார் குரலையும் கோத்து ஒரே பாட்டா பாடப் போறேன்! பொந்துக்குள்ள பாடினா குரல் பத்து மடங்கு பெருசா கேட்குது. எப்படி இருந்துச்சுக்கா? நல்லா இருந்துச்சா?”

மானுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கண்ணீர் வந்தது. கடைசியில் சிரிப்பு வந்து பாறையிலேயே உட்கார்ந்துவிட்டது. அப்புறம் எழுந்து ஓடியது, பொட்டைக் கூட்டிவர.

நடந்ததை அது சொன்னபோது புதரில் இருந்த யாரும் நம்பவில்லை.

“இது மானே இல்ல!” என்று வாலை ஆட்டியது வாலாட்டி. “மிருகம் மானைத் தின்னுட்டு மான் வேஷத்துல வந்திருக்கு! கிழக்கே ஒரு தீவுல நரி இப்படித்தான் பெண் வேஷம் போடுமாம்!”

மான் பொட்டைத் தாங்கிப் பிடித்தபடி நடத்திக் கூட்டிப்போனது. கொஞ்ச நேரத்தில் தாயும் பிள்ளையும் திரும்பி வந்தார்கள். பொட்டு தன் காலால் துள்ளி வந்தது. அதன் தாடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழுந்தது. எல்லாருடைய கண்களும் அந்தச் சொட்டோடு சேர்ந்து கீழே போயின.

“எனக்கு… மானக்கா மேல எப்பவும் ஒரு நம்பிக்கை உண்டு” என்றது பன்றி, எச்சிலை விழுங்கிக்கொண்டு.

விடிந்ததும் எல்லாரும் சுனைக்கு வந்தார்கள். முதலில் வயிறு நிறையக் குடித்தார்கள். பிறகு கரிச்சானை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு கிளையில் உட்கார வைத்தார்கள்.

“ஊப்… ஊப்!”

“அட, இது மந்தியக்கா!” என்று குதித்தது பொட்டு.

“என்னது? நானா? அந்த அசிங்கமான சிரிப்பு என்னுதா?”

“ஹுர்ர்ர்ர்!”

“பன்றி மாமா குறட்டை! பன்றி மாமா குறட்டை!”

“நான் குறட்டையே விட மாட்டேனே!” என்றது பன்றி. அதைத் தவிர மற்ற எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சரசரப்பு வந்ததும் முள்ளம்பன்றி தன் முட்களைத் திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டது. ‘கியாவ்’ என்றதும் மான் தலையைக் குனிந்தது. தன் குரலுக்காகவே அல்லவா அது அத்தனை நாள் அழுதிருக்கிறது!

“சிட்-சிட்-சிட்!” என்று முடித்தது கரிச்சான்.

எல்லாரும் வாலாட்டியைப் பார்த்தார்கள். முதல் முறையாக அதன் வால் ஆடவில்லை.

“என்… என் குரல் பல்லைத் தீட்டுற மாதிரியா இருக்கு?”

மந்தி கிளையில் புரண்டு புரண்டு சிரித்தது. சிரிப்பில் காவல் காப்பதையே மறந்துவிட்டது. அது கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பாறைமேல் ஒரு மஞ்சள் தோல் ஊர்ந்துகொண்டிருந்தது. பொட்டு தனியாகத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த பக்கம்!

“சிறுத்தை! ஓடுங்க!”

எல்லாக் கால்களும் திரும்பின. சட்டம் சட்டம்தானே! ஆனால் மான் ஓடவில்லை.

“ஓடாதீங்க!” என்று கத்தியது. “கரிச்சான், பொந்துக்குள்ள போ! எல்லாரும் அவங்கவங்க பாட்டைப் பாடுங்க!”

கரிச்சான் பொந்துக்குள் பாய்ந்தது. “ஊப்!” என்று தொடங்கியது. மேலிருந்து மந்தியும் “ஊப்!” என்றது. பன்றி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து “ஹுர்ர்ர்ர்!” என்றது. முள்ளம்பன்றி முட்களை எல்லாம் உதறியது. மான் “கியாவ்!” என்று அலறியது. பொந்து முழங்கியது. பாறை முழங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே வாலாட்டி, தன் குட்டி உடம்பில் இருந்த மொத்தக் கோபத்தையும் சேர்த்து, “சிட்-சிட்-சிட்!” என்று பல்லைத் தீட்டியது.

சிறுத்தை அப்படியே உறைந்து நின்றது.

“இது என்ன ஜந்துடா? ஒரு பக்கம் சிரிக்குது, ஒரு பக்கம் உறுமுது, உள்ள ஒரு மான் வேற கத்துது! நம்மால ஆகாது சாமி!”

வாலைச் சுருட்டிக்கொண்டு அது ஓடிய ஓட்டம் அடுத்த காட்டில் போய்த்தான் நின்றது. சுனைப்பாறை மிருகம் உண்மையாகவே பிறந்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் காட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. யார் வேண்டுமானாலும் ஓடலாம். ஆனால் ஒருவராவது திரும்பி வந்து பார்க்க வேண்டும். முதல் மழை நாளில் அரங்கேற்றமும் நடந்தது. பன்றியின் குறட்டைக்குத்தான் கைத்தட்டல் அதிகம். வாலாட்டிக்கு மட்டும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குள் அது பனிமலைக்குத் திரும்பியிருந்தது.

அங்கே ஓர் ஓடைக்கரையில் குருவிகள் எல்லாம் அதைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தன.

“தெற்கே ஒரு சுனை இருக்கு. அங்கே ஒரு மிருகம். சிறுத்தையே அதைக் கண்டு ஓடிப்போச்சு!”

“நீ பார்த்தியா?” என்று கேட்டது ஒரு குஞ்சு.

வாலாட்டியின் வால் ஒரு முறை பெருமையாக ஆடியது.

“பார்த்தேனாவா? அதோட பல்லே நான்தான்!”

நாம் பயந்து ஓடும்வரை எந்த மிருகமும் வளர்ந்துகொண்டேதான் போகும்; ஒருவர் நின்று ‘யார் நீ?’ என்று கேட்டுவிட்டால், அது நம்மோடு சேர்ந்து பாடும் குருவியாகவும் இருக்கக்கூடும்.