சட்டியில் அடங்கிய வாய்

இலைகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், காவிரிக்கரையில் ஒரு நொச்சி நின்றது. வலி தீர்க்கும் திறன் தனக்கு உண்டென்று அதற்குத் தெரியும். அதைப் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லவும் தெரியும்.

ஒரு நாள் பரிசல்காரி வேலாத்தாளின் வலத்தோள் பூட்டிக்கொண்டது. துடுப்பைத் தூக்க முடியவில்லை. மேற்கே கனமழை, பொழுது சாய்வதற்குள் வெள்ளம் வந்துவிடும். தங்கை மாராயியோ ஆடுகளோடு ஆற்றுத்திட்டில் நின்றாள்.

"அக்கா! ஆடு நீந்தும், நான் நீந்துவேனா?"

வேலாத்தாள் நொச்சியைப் பறித்துத் தண்ணீர்விட்டு அரைத்துத் தோளில் அப்பினாள்.

"யாரது?" என்றது தோல்.

"நொச்சி. தண்ணீர் என்னை அழைத்து வந்திருக்கிறது."

"மழையையே உள்ளே விடாதவன் நான். என் சுவரில் செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே கொழுப்புச் சாந்து. கொழுப்புக்கும் தண்ணீருக்கும் ஏழாம் பொருத்தம். போ."

நொச்சி கூசிப்போனது. அருகில் சட்டியிலிருந்த நல்லெண்ணெய் சிரித்தது.

"கொழுப்பு எனக்குப் பங்காளி, என்னைத் தடுக்க மாட்டான். நீ எனக்குள் கரைந்தால் கூட்டிப்போகிறேன். ஆனால் உன்னிடமுள்ள தண்ணீர் கடைசிச் சொட்டுவரை போக வேண்டும்."

"பிசுக்குப் பயலே, என் பச்சை போய்விடுமே!"

"பச்சையை நீயே வைத்துக்கொள். மாராயியை வெள்ளம் வைத்துக்கொள்ளும்."

வேலாத்தாள் இடக்கையால் புதிய இலைகளைப் பறித்து எண்ணெயில் போட்டு அடுப்பேற்றினாள். நொச்சி சடசடவென்று எண்ணெயைத் திட்டித் தீர்த்தது. அவசரத்தில் அவள் பாதியிலேயே இறக்கித் தடவினாள்.

"வா, பங்காளி," என்ற தோல் முகம் சுளித்தது. "பின்னால் யார்? தண்ணீர் வாடை வீசுகிறதே!" கதவு மீண்டும் அடைபட்டது.

தொலைவில் ஆறு இரைந்தது. மாராயி இப்போது கத்தவில்லை. அந்த மௌனம்தான் நொச்சியைச் சுட்டது.

"மறுபடியும் ஏற்று, வேலாத்தா. நான் வாயை மூடும்வரை இறக்காதே."

சடசடப்பு மெல்லத் தேய்ந்து நின்றது. இலை கறுத்து மொறுமொறுத்தது. சாரமெல்லாம் எண்ணெயில் கரைந்தது. வெதுவெதுப்பாகத் தேய்த்தபோது தோல், "வா, பங்காளி," என்றதோடு சரி. தோள் விட்டுக்கொடுத்தது, துடுப்பு எழுந்தது.

இடுப்பளவு நீரில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மாராயி, பரிசலில் ஏறியதும் கேட்டாள்: "சாவகாசமாச் சமைச்சு முடிச்சுட்டுத்தான் வந்தியாக்கா?"

"ஆமாடி. ஒரு வாயாடியை."

இலையின் சடசடப்பு அடங்கிய பிறகே தைலச் சட்டியை இறக்கும் வழக்கம் அன்று முதல் வந்ததுதான். தோல் மட்டும் இன்றுவரை திருந்தவில்லை: பங்காளி வந்தால் கதவைத் திறக்கிறது, அவன் மடியில் இருப்பது மருந்தா நஞ்சா என்று கேட்பதில்லை.