நடு வட்டத்தில் ஒரு வீடு

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த மறுநாளே மங்கையர்க்கரசி ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டாள். மின்வாரியத்தில் பொறியாளர் அவள். பதவி உயர்வு, கூடவே இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு புது ஊர். எட்டாவது படிக்கும் மகள் பொன்மதியை ஒன்பதாவதில் அங்கேதான் சேர்த்தாக வேண்டும். வீட்டுக்காரர், "நீ பார்த்துச் சொன்னாச் சரி" என்று ஒதுங்கிக்கொண்டார்.

குரு கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவளைவிட ஒன்பது வயது சின்னவர். சீடர்களில் அவரோடு சண்டை போடுகிறவள் இவள் ஒருத்திதான். அதனாலோ என்னவோ, இவள் வந்தால் மட்டும் அவர் கைவேலையை நிறுத்துவதில்லை.

துவைகல்லில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து வரைபடத்தை விரித்தாள். மூன்று பள்ளிகள். அவற்றைச் சுற்றி மூன்று வட்டங்கள்.

"பள்ளிக்கூட வாசல்லேர்ந்து ஒரு கிலோமீட்டர், சாமி. இதுக்குள்ள வீடு இருந்தா பிள்ளை நடந்தே போயிடலாம், சீட்டும் சுலபமா கிடைக்கும். எந்த வட்டத்துல வீடு பாக்கறது, சொல்லுங்க."

"நல்லா வட்டமா போட்டிருக்கீங்க."

"பொன்மதியோட காம்பஸ். கையால போட்டா கோணும்."

"உங்க மனசு எதுல இருக்கு?"

நடு வட்டத்தில் விரலை வைத்தாள். "இதுலதான். பதினோரு வருஷமா பத்தாவதுல நூத்துக்கு நூறு தேர்ச்சி. வாசல்ல போட்டோ போட்டு பிளெக்ஸ் வச்சிருக்காங்க. ஒரு பிள்ளைகூட தவறினதில்ல."

குரு வேட்டியைப் பிழிந்தார். "போன வருஷம் பத்தாவது எத்தனை பேரு எழுதினாங்க?"

"நூத்தி அறுபது."

"அதுக்கு முந்தின வருஷம் ஒன்பதாவதுல எத்தனை பேரு இருந்தாங்க?"

மங்கை யோசித்தாள். பிளெக்ஸில் அது இல்லை.

"அது எதுக்கு?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"கேட்டதுக்குப் பதில் வாங்க வந்தா, கையில ஒரு கேள்வியைக் குடுத்து அனுப்பறீங்க."

"அங்க போகத்தானே போறீங்க. அப்படியே கேட்டுட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். பள்ளி அலுவலகத்தில் கேட்டபோது எழுத்தர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கு மேடம், ரிசல்ட்டைப் பாருங்க" என்று விண்ணப்பத்தை நீட்டினார்.

வெளியே பிள்ளைகளுக்காகக் காத்திருந்த வேன் டிரைவருக்குக் கணக்கு விரல்நுனியில் இருந்தது.

"ஒன்பதாவதுல அஞ்சு செக்‌ஷன்க்கா. பத்தாவதுல நாலு."

"எப்பவுமேவா?"

"நான் வண்டி ஓட்ட வந்ததிலேர்ந்து."

"அப்ப ஒரு செக்‌ஷன் பிள்ளைங்க எங்க போறாங்க?"

அவர் ரயில்வே கேட் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினார். "எனக்கே வருஷா வருஷம் மூணு பிள்ளைங்க கொறையும்."

ரயில்வே கேட்டைத் தாண்டினால் அரசு உயர்நிலைப் பள்ளி. எந்த வட்டத்துக்குள்ளும் வராத இடம். தலைமையாசிரியை செல்லக்கிளி மரத்தடியில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மே மாசம் டி.சி.யோட வந்து நிப்பாங்கம்மா. கணக்குல முப்பது, நாப்பதுன்னு வாங்குற பிள்ளைங்க. பெத்தவங்களே கேட்டு வாங்கிட்டதா அதுல எழுதியிருக்கும்."

"நீங்க சேத்துக்கறீங்களா?"

"வேற எங்க போவாங்க?"

"உங்க ரிசல்ட் எவ்வளவு?"

"எண்பத்தொம்பது சதவீதம். அதுக்குத்தான் மீட்டிங்ல என்னை எழுப்பி நிக்க வைக்கறாங்க." சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். "உங்க பொண்ணு கணக்குல எப்படி?"

மங்கையின் கைபேசி அடித்தது. பொன்மதிதான். "அம்மா, என் ஜாமெட்ரி பாக்ஸ்ல..."

"வேலையா இருக்கேன்டி. வந்து பேசறேன்."

துண்டித்தாள். பொன்மதி அரையாண்டில் கணக்கில் எடுத்தது நாற்பத்தொன்று. அதைச் சொல்லாமலே எழுந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மடத்தில் குரு சமையலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மங்கை உட்காரக்கூட இல்லை.

"அநியாயம், சாமி. தேறாத பிள்ளைகளை, ஒரு செக்‌ஷன் நாப்பது பேரை, ஒன்பதாவதோட வெளிய தள்ளிட்டு, மிச்சம் பேரை வச்சு நூறுன்னு பிளெக்ஸ் கட்டறாங்க. தள்ளின பிள்ளைகளைச் சேத்துக்கிட்டு பாடம் நடத்துற அந்தம்மா மீட்டிங்ல தலைகுனிஞ்சு நிக்கறாங்க. இதை நான் சும்மா விடப்போறதில்ல. எழுதிப் போடுவேன்."

"போடுங்க."

"கண்டிப்பா போடுவேன்."

குரு இன்னொரு பூண்டை உடைத்தார். "வீடு பாத்தாச்சா?"

மங்கையின் குரல் இறங்கியது. "பாத்தேன். நாளைக்குப் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"எந்தப் பக்கம்?"

"நடு வட்டத்துலதான்."

குரு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்படிப் பாக்காதீங்க. அநியாயம்தான், இல்லேங்கல. அதுக்காக என் பொண்ணை வச்சா நான் நியாயம் பேச முடியும்? உங்களுக்குப் பிள்ளையா குட்டியா, சுலபமா இருக்கு."

"அதான் நான் எதுவுமே சொல்லலையே."

"ரெண்டு டியூஷன் வச்சுடுவேன். வெளிய போற அந்த நாப்பது பேர்ல அவ இருக்க மாட்டா."

"அந்த நாப்பது பேரோட அம்மாக்கள் வீடு தேடினப்போ எந்த வட்டத்துல தேடியிருப்பாங்க?"

உரித்த பூண்டு ஒன்று உருண்டு மங்கையின் காலடிக்கு வந்தது. எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு பையைத் திறந்து வரைபடத்தையும் காம்பஸையும் அவர் முன்னால் வைத்தாள்.

"சரி, நீங்களே போடுங்க வட்டத்தை. முள்ளை எங்க ஊனணுமோ ஊனுங்க. மறுபேச்சு பேசாம அங்கேயே வீடு பாக்கறேன்."

குரு கையைத் துடைத்துக்கொண்டு காம்பஸை எடுத்தார். பென்சில் செருகும் காலில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. நீல மையில், குண்டு குண்டான எழுத்தில்: பொன்மதி, எட்டு ஆ.

"அன்னைக்கு எடுத்தது உங்க பையிலயேவா இருக்கு?"

"ஆமா."

அவர் வரைபடத்தைத் தொடவில்லை. காம்பஸை மடக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை அவ தேடிக்கிட்டு இருப்பாளே."