ஒரே மாதிரி இருவர் செய்த லஞ்ச ஆராய்ச்சி

ஆவாரங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எடுத்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

லஞ்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பேராசிரியை மங்கையர்க்கரசி அந்த ஊருக்கு வந்தார். உதவிக்குப் பெருமாயி, அவள் புருஷன் சடையன், தம்பி ஒச்சு மூவரையும் சேர்த்துக்கொண்டார்.

“ஆம்பளைங்க ரெண்டு பேரும் பேரூராட்சி ஆபீசுல குடிதண்ணி இணைப்புக்கு மனு கொடுங்க. ஒருத்தர் பணம் வைங்க, இன்னொருத்தர் வைக்காதீங்க. யாருக்குக் கிடைக்குதுன்னு பெருமாயி எழுதட்டும். மத்தபடி ரெண்டு பேரும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

“மச்சான், உங்களுக்கு மீசை இருக்கே?” என்றான் ஒச்சு.

“உனக்கு மட்டும் முன்பல் இருக்கே, மாப்ள?”

“ஆராய்ச்சி கெட்டுப்போகும்” என்றாள் பெருமாயி.

சடையன் அழுதுகொண்டே மீசையை எடுத்தான். ஒச்சு பல்லைப் பிடுங்கிக்கொண்டான். ஒரே பச்சைச் சட்டை, ஒரே விபூதிப் பட்டை. பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டு மனுவிலும் ‘ஒச்சு’ என்றே எழுதினார்கள்.

முதலில் ஒச்சு போய்ப் பணம் வைத்தான். “வெளியே உக்காரு” என்றார் குமாஸ்தா தில்லைநாயகம். அடுத்துச் சடையன் வெறுங்கையோடு போனான்.

“அதுக்குள்ள என்னய்யா அவசரம்? இந்தா” என்று உத்தரவை நீட்டினார் குமாஸ்தா.

பிறகு ஒச்சு போய்க் கேட்டான். “இப்பத்தானே வாங்கிட்டுப் போனே? ஏமாத்துறியா?” என்று விரட்டிவிட்டார்.

ஒச்சுவுக்கு அழுகை வந்துவிட்டது. பல்லும் போச்சு, தண்ணீரும் போச்சு. சடையனையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

“ஐயா, எங்கள்ல யாரு உங்களுக்கு லஞ்சம் கொடுத்தது? சத்தமாச் சொல்லுங்க, அக்கா எழுதணும்!”

ஆபீசே திரும்பிப் பார்த்தது. குமாஸ்தாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆளுக்கொரு நூறு ரூபாயைக் கையில் திணித்து, “வாயைத் திறக்காம போயிடுங்கய்யா!” என்று கும்பிட்டார்.

அவர்கள் திறக்கவே இல்லை. பெருமாயிதான் கேட்டுக் கேட்டு, தலையாட்டலைப் பார்த்து எழுதினாள்: ‘இந்த ஆபீசில் லஞ்சம் உண்டு. அதிகாரி நமக்குக் கொடுக்கிறார்.’ எழுதியதை ஊருக்கும் வாசித்துக் காட்டினாள்.

மறுநாள் காலையில் தில்லைநாயகம் வந்து பார்த்தால், ஆபீஸ் வாசலிலிருந்து தேரடி வரைக்கும் வரிசை.

“எங்களுக்கும் லஞ்சம் கொடுங்கய்யா!”

வரிசையின் கடைசியில் நின்ற ஓர் ஆள் மட்டும் மெல்லப் பின்பக்கமாக வந்து, அவர் கையில் இருபது ரூபாயை வைத்து அழுத்தினான்.

“ஐயா, கொஞ்சம் பார்த்து, எனக்கு மட்டும் முன்னாடி கொடுத்திடுங்க.”