சுவரில் ஏறிய மோர்க்காரி

மணவூர் மன்னர் விசயகண்டருக்குப் பொறாமை வந்தால் ஊருக்கு வேலை வந்துவிடும். பக்கத்து நாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

“அங்கே தெருவெல்லாம் சித்திரம், அமைச்சரே! கேட்டால் மக்களே கூடி வரைந்தார்களாம். நம் குளத்தங்கரை மதிலில் வெற்றிலை எச்சில்தான் இருக்கிறது. நம் மக்களும் கூடி வரையட்டும். ஒரு மாதத்துக்குள்!”

அமைச்சர் அனந்தப்பர் பணிவோடு தலையசைத்தார். மக்களை அவருக்கு நிரம்பப் பிடிக்கும், தூரத்தில் இருக்கும்வரை.

மறுநாளே வெளியூர் ஓவியர்கள் வந்து இறங்கினார்கள். என்ன வரைவது என்று யோசித்த அமைச்சர், “கலகலப்பான ஒரு கடைத்தெரு” என்றார். அதை வரைவதற்கு மதிலோரம் இருந்த கலகலப்பான கடைத்தெரு இடைஞ்சலாக இருந்தது. பூக்காரி, வளையல்காரர், மோர்க்காரி மருதாயி என்று அத்தனை பேரையும் காவலர்கள் சுடுகாட்டு மேட்டுக்குத் துரத்தினார்கள்.

மருதாயி அரண்மனை வாசலில் ஓலை எழுதும் கூத்தபிரானைப் பிடித்துக்கொண்டாள். “நாலு எழுத்துப் படிச்ச புள்ள நீதான் சாமி எங்களுக்குத் தெரியும். அங்க யாரு மோர் வாங்குவா? இன்னும் பத்து நாளு போனா மாட்டையே வித்துருவேன்.”

கூத்தபிரானுக்கு எப்போதும் உள்ளங்கை வேர்க்கும். அன்று உள்ளங்காலும் வேர்த்தது. ஆனாலும் அமைச்சரிடம் போய் நின்றான்.

“ஐயா, அந்தத் தெருவில் ஆளே இல்லை. திறப்பு விழா அன்று மன்னருக்கு...”

“ஓலை எழுதுகிறவனுக்கு வாய் எதற்கு? திறப்புக் கல்லுக்கு வாசகம் எழுது. தெருவார் பங்கெடுத்து ஆக்கிய சித்திரம் என்று வரவேண்டும்.”

பொய் எழுதினால் அது கல்லில் நிற்கும். எழுதாவிட்டால் வேலை நிற்காது. கூத்தபிரான் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு கேட்டான்.

“என்ன பங்கு எடுத்தார்கள் ஐயா? தெரிந்தால் தப்பில்லாமல் எழுதுவேன்.”

“மதிலை விட்டு விலகிப் போனார்கள் அல்லவா? அதைவிடப் பெரிய பங்கு என்ன இருக்கிறது?”

“அப்படியே எழுதலாமா ஐயா?”

“அப்படியே எழுதித் தொலை!” என்று எரிந்து விழுந்தார் அமைச்சர். கூத்தபிரான் அப்படியே எழுதி, கல்தச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

மணவூரில் ஒரு வழக்கம் உண்டு. குளமோ சாவடியோ, எதைத் திறந்தாலும் மன்னர் அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அந்தத் தெருக்காரர் ஒருவர் கையால் கொடுப்பதைக் குடித்த பிறகே கல்லின் திரையை விலக்குவார். கூத்தபிரான் சொல்ல வந்தது இதைத்தான். அமைச்சருக்கு அது நினைவு வந்ததோ விழா அன்று காலையில்தான். அவசரமாக அரண்மனைச் சமையல்காரர்கள் இருபது பேருக்கு அழுக்கு வேட்டி கட்டி ‘மக்கள்’ ஆக்கிவிட்டார்.

உச்சி வெயில். மன்னர் மதிலைப் பார்த்து அசந்துபோனார். “அடடா, அந்த மோர்க்காரியைப் பாருங்கள், கூப்பிட்டால் திரும்புவாள் போலிருக்கிறது! சரி, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தெருக்காரர் யார்?”

ஒரு சமையல்காரர் செம்போடு முன்னே வந்தார். மன்னர் அவரை உற்றுப் பார்த்தார்.

“நேற்று எனக்கு ரசம் ஊற்றியவன் அல்லவா நீ?”

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். அமைச்சர் வானத்தைப் பார்த்தார். கூத்தபிரான் வேர்த்த கையோடு அந்தச் செம்பை வாங்கி, கீழே கவிழ்த்துவிட்டு, நேராக மதிலருகே போனான். சித்திரத்து மோர்க்காரிக்கு எதிரில் வெறும் செம்பை நீட்டினான்.

“மருதாயி அக்கா, மன்னர் தாகமாக நிற்கிறார். கொஞ்சம் மோர் ஊற்றுங்கள்.”

பதில் இல்லை. மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை குனிந்து கும்பிட்டுக் கேட்டான்.

“ஓய், வெயில் தலைக்கேறிவிட்டதா?” என்றார் மன்னர்.

“இல்லை மன்னா. இந்தத் தெருவில் மோர் கொடுப்பவர் இவர்தான். போன மாதம்வரை இதே இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அமைச்சர் சுவரில் ஏற்றிவிட்டார். எத்தனை கும்பிட்டாலும் இறங்கி வரமாட்டேன் என்கிறார்.”

“உயிருள்ள மருதாயி எங்கே?”

“சுடுகாட்டு மேட்டில், மன்னா. அங்கே வருகிறவர்கள் மோர் கேட்பதில்லை.”

குதிரை வண்டி பறந்தது. அது திரும்பி வரும்வரை மன்னர் வெயிலில் வறண்ட வாயோடு நின்றார். மருதாயி பானையோடு இறங்கியதும் மூன்று செம்பு மோரை மூச்சு விடாமல் குடித்தார்.

“மன்னா, மக்கள் உண்மையிலேயே பங்கெடுத்தார்கள்! கல்லிலேயே பொறித்திருக்கிறது,” என்று பதறினார் அமைச்சர்.

மன்னர் திரையை விலக்கி உரக்கப் படித்தார்: “‘தெருவார் மதிலை விட்டு விலகிப் போனார்கள். அதைவிடப் பெரிய பங்கு என்ன இருக்கிறது? இது அமைச்சர் அனந்தப்பர் வாக்கு.’”

குடித்த மோர் புரையேறும்வரை சிரித்தார் மன்னர். தம் கைக் கடகத்தைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். கடைகள் அன்றே திரும்பவேண்டும், மதிலில் இன்னும் காலியாக இருக்கும் மறுபாதியில் தெருவாரே வரையவேண்டும், அமைச்சரும் கூட நின்று வரையவேண்டும் என்று ஆணையிட்டார். “கல் மட்டும் அப்படியே இருக்கட்டும்!”

மறுநாள் மன்னரே வேடிக்கை பார்க்க வந்தார். மருதாயி மதிலில் தன் மாட்டை வரைந்துகொண்டிருந்தாள். அதற்குக் கால் ஐந்து வந்துவிட்டது, அவள் கவலைப்படவில்லை. கையில் தூரிகையோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அமைச்சர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் என்ன வரைய?”

மருதாயி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“கொஞ்சம் விலகி நில்லுங்க சாமி. அதைவிடப் பெரிய பங்கு என்ன இருக்கு?”