சனிக்கிழமை வாழைப்பழம்

"என் மகள் என்னை விட்டுட்டுப் போகப் பார்க்கிறாள், அம்மா" என்றார் பரசுராமன்.

"எங்கே?" என்றார் தவமணி அம்மா.

"நார்வேக்கு. வேலை கிடைச்சிருக்கு."

"கெட்ட வேலையா?"

"நல்ல வேலைதான்."

"அப்புறம் என்ன?"

"நான் சரின்னு சொன்னால்தான் போவாளாம். இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும். தாயில்லாத பிள்ளை. ஒரு நாள்கூட அவளை நான் அடுப்புக்கிட்ட விட்டதில்லை. எப்படிச் சொல்லுவேன்?"

அம்மா படகில் ஏறி உட்கார்ந்தார்.

மலேசியாவின் தைப்பிங் ஊரில் அவருக்கு ஒரு சிறிய தியான மடம். பரசுராமன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வயதில் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் சீடர்தான். ஒராங்குட்டான் பார்க்க அம்மா போர்னியோ தீவில் இருக்கும் சபாவுக்குப் போகிறார் என்றதும் தானும் கிளம்பிவிட்டார்.

பரசுராமன் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அது எதுக்கு?"

"இன்னிக்குச் சனிக்கிழமை. ஆஞ்சநேயருக்கு நேர்ந்திருக்கேன். மகள் மனசு மாறணும். குரங்கிலேயே பெரிய குரங்குக்குக் கொடுத்தால் சீக்கிரம் பலிக்கும்."

"அதுக்கு வால் கிடையாது, லாரிக்காரரே."

"வால் இல்லாட்டி என்ன? வாய் இருக்கே."

படகு நகர்ந்தது. காடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். காடு காடாக இருந்தது. ஆறு கலங்கலாக இருந்தது.

படகோட்டி ஜைனல் பழத்தைப் பார்த்தான்.

"பையில போட்டு மூடுங்க" என்றான் மலாயில்.

"ஏன் தம்பி?"

"போன வருஷம் ஒருத்தர் ஒரு குட்டிக்குக் கொடுத்தார். அது அப்புறம் காட்டுக்குள்ள போகலை. கரையிலேயே உட்கார்ந்து, வர்ற படகையெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தது."

"அப்புறம்?"

"அப்புறம் அது இல்லை."

பரசுராமன் பழத்தை மூடினார். பையை விடவில்லை.

வளைவில் ஜைனல் எஞ்சினை நிறுத்தினான். மேலே கையைக் காட்டினான்.

தாய் ஒராங்குட்டான் கிளைகளை மடக்கி, இலை பரப்பிப் படுக்கை போட்டு முடித்திருந்தது. தினமும் சாயங்காலம் புதுப் படுக்கை. பக்கத்து மரத்தில் வளர்ந்த குட்டி ஒன்று. அதுவும் கிளையை மடக்கியது.

"இவ்வளவு நாளும் அம்மாகூடத்தான் படுத்திருந்தது" என்றான் ஜைனல். "இப்போ தனியாப் போடப் பார்க்குது."

குட்டி ஏறி உட்கார்ந்தது. படுக்கை பிய்ந்தது. ஒற்றைக் கையில் தொங்கியது. அழுதது. குழந்தை அழுவது போலவே இருந்தது.

பரசுராமன் எழுந்துவிட்டார். படகு ஆடியது. கையில் பழம்.

"உட்காருங்க" என்றார் அம்மா.

"அழுகுதே அம்மா! தாய் பேசாம இருக்கே. அதுக்கு மனசே இல்லையா?"

"அது படுத்துடுச்சா?"

பரசுராமன் பார்த்தார்.

தாய் படுக்கவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, குட்டி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

குட்டி இன்னொரு கிளையை ஒடித்தது. மடக்கியது. அழுத்திப் பார்த்தது. ஏறியது.

இந்தப் படுக்கை தாங்கியது.

வெகுநேரம் கழித்துத்தான் தாய் தலை சாய்த்தது.

பரசுராமனும் உட்கார்ந்தார். அம்மா அவர் கையிலிருந்த பழத்தை வாங்கி, உரித்து, திரும்ப அவரிடமே நீட்டினார்.

"இது நேர்ந்துக்கிட்ட பழம்மா."

"காலையிலிருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலை."

சாப்பிட்டார். தோலை ஆற்றில் போடப் போனார். ஜைனல் முறைத்தான். பையில் போட்டுக்கொண்டார்.

படகுத்துறைக்கு வந்ததும் சிக்னல் வந்தது. உடனே போன் அடித்தது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"நார்வேக்காரங்களுக்கு என்னப்பா பதில் சொல்லட்டும்?"

பரசுராமன் ஆற்றைப் பார்த்தார்.

"ரசத்துக்கு எவ்வளவு புளி கரைக்கணும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுப்பா. ஏன்?"

"நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவேன். நார்வே போற வரைக்கும் நீதான் ரசம் வைக்கணும்."

"நீங்க?"

"அடுப்புக்கிட்ட வரமாட்டேன். உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பேன்."